கடற்போர்க் கட்டுரை

அறிக்கையை அனுப்பிவிட்டு, நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தியோடு தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், அந்தக் கட்டுரையை எழுதியது யார் என்பது லாஜிக் வாத்தியாருக்குப் பளிச்சென்று பட்டது.

சோப்பு கண்ணில் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏங்க, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு," என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"ஓடட்டும். என் வேலையும் கூடவே ஓடிடுச்சு."

துண்டோடு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி மயக்க மருந்து டாக்டர். வாத்தியார் கல்லூரியில் பழைய கிரேக்கத் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவர். ஆக, மற்றவர்களைத் தூங்கவைப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. அவளுக்கு அதற்கு ஊசி வேண்டும், இவருக்கு வேண்டாம்.

"ஒரு தத்துவப் பத்திரிகைக்குக் கட்டுரை வந்திருக்கு, பார்த்துக் கருத்துச் சொல்லுங்கன்னு அனுப்பியிருந்தாங்கல்ல. அதைக் கிழிச்சுத் தோரணம் கட்டி அனுப்பிட்டேன்."

"அதுதான் நேத்து முழுக்க உங்களுக்குள்ளேயே சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா. எழுதினது எங்க துறைத்தலைவர்."

இந்த மாதிரிப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயர் படிப்பவருக்குத் தெரியாது; படித்துக் கருத்துச் சொல்பவர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. அதனால்தான் நேரில் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவர்கள்கூட அங்கே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

கட்டுரை கடற்போரைப் பற்றியது. 'நாளைக்குக் கடலில் போர் நடக்கும்' என்று இன்றைக்கு ஒருவர் சொல்கிறார். அந்தப் பேச்சு இன்றைக்கே உண்மையா, பொய்யா? இன்றைக்கே உண்மை என்றால் நாளைய போரை யாராலும் தடுக்க முடியாது. தளபதிகள் வீட்டில் போர்த்திக்கொண்டு படுக்கலாம். உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்றால் தர்க்கம் படுத்துவிடும். கிரேக்கத்தில் ஒருவர் கிளப்பிவிட்டுப் போன இந்தச் சந்தேகத்துக்காக அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் போர் நடந்ததா என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

'இன்றைக்கே உண்மை' என்றது கட்டுரை. 'இரண்டும் இல்லை' என்பது வாத்தியாரின் கட்சி.

"அப்படி என்னதான் எழுதித் தொலைச்சீங்க?"

அவர் மனப்பாடமாகச் சொன்னார். "'கட்டுரையாளர் தமக்குப் புரியாததையெல்லாம் அடிக்குறிப்புப் போட்டு மூடியிருக்கிறார். இவருக்குத் தர்க்கம் கற்பித்தவரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. வேறு தொழில் பார்ப்பது இவருக்கும் நல்லது, தொழிலுக்கும் நல்லது.'"

"அடப்பாவமே," என்றாள் மனைவி. "பேரே இல்லாத பேப்பர்ல அவர் பேரை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அந்த நிலைமையிலும் வாத்தியாருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

"நம்ம மொழியில இந்தக் கடற்போரைப் பத்தி எழுதுறவங்க மொத்தமே மூணு பேர். நானு, அந்த ரோஜாத் தோட்டக்காரர், எங்க தலைவர். ரோஜாத் தோட்டக்காரர் ரிட்டையர் ஆனதும் பேனாவைக் கீழே வெச்சவர், மண்வெட்டிதான் தூக்குறார். மிச்சம் யாரு?"

"தலைவர்."

"அதோட, கட்டுரையில ஒரு லிஃப்ட் உதாரணம் வருது. அது நான் படிக்கும்போது தலைவர் வகுப்புல சொன்ன உதாரணம். எல்லாத்துக்கும் மேல, மூணு அடிக்குறிப்புல தலைவரை ஓஹோன்னு பாராட்டியிருக்கு. இந்த உலகத்துல அவரை அப்படிப் பாராட்ட அவரை விட்டா யாரு இருக்கா?"

நிரூபணத்தில் ஓட்டை எதுவும் மனைவிக்குத் தெரியவில்லை. "சரி, அவர்தான்னே இருக்கட்டும். இதை எழுதினது நீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவரும் லாஜிக் படிச்சவர்தானேம்மா. அவருக்கும் மூணு பேர்தானே."

வாத்தியாரின் வேலை தற்காலிகமானது. ஆண்டுதோறும் நீட்டிப்பார்கள், ஆண்டுதோறும் மூச்சு வரும். நிரந்தரமாக்கும் குழு வருகிற வெள்ளிக்கிழமை கூடுகிறது. அங்கே தலைவர் தலையாட்டினால் வேலை. ஆட்டாவிட்டால் மகளின் பள்ளிக்கூடம், மனைவியின் மருத்துவமனை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வேறு ஊர். காலி பண்ணும்படி ஆகிவிட்டால் என்று பயந்தே இந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. கல்யாணப் போட்டோகூடத் தரையில்தான் சாய்ந்திருந்தது.

"போன் பண்ணி அறிக்கையைத் திரும்ப வாங்கிடுங்க," என்றாள் மனைவி.

பத்திரிகை அலுவலகத்தில் மதிப்பீட்டுப் பிரிவு அம்மாள் எடுத்தார்.

"வந்து சேர்ந்துடுச்சு சார். ஆசிரியர் படிச்சுட்டு ரெண்டு தடவை எழுந்து நடந்தார். ரொம்ப நாளாச்சாம், இப்படி ஒண்ணு படிச்சு."

"அதை நான் திரும்ப வாங்கிக்கலாமா மேடம்?"

"எதுக்கு சார்?"

எழுதியவர் யாரென்று தெரியும் என்று சொன்னால் விதிமீறல். வாத்தியார் அவசரமாக யோசித்தார். "எழுத்துப்பிழை இருக்கு."

"எங்கேன்னு சொல்லுங்க, நானே திருத்திடுறேன்."

"எல்லா இடத்துலயும்."

அம்மாள் அந்தப் பக்கம் தாளைப் புரட்டினார். "வந்த அறிக்கையைத் திருப்பித் தர்றதில்லை சார். வேணும்னா துணை அறிக்கை ஒண்ணு அனுப்புங்க, சேர்த்துடலாம்."

"மேடம், ஒரு சந்தேகம். கட்டுரையை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஐயையோ, அதெல்லாம் கட்டுரையாளர் பிரிவு. பக்கத்து ரூம். எங்களுக்குள்ள வம்பு வரக்கூடாதுன்னு நான் அந்த ரூம்காரர்கூட டீ குடிக்கக்கூடப் போறதில்லை. எங்க பத்திரிகை அவ்வளவு கறார். அதனாலதான் கொஞ்சம் லேட்டும் ஆகும்."

கொஞ்சம் என்பது அவருடைய அடக்கம். அந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியவர்களுக்குப் பதில் வருவதற்குள் குழந்தை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போய்விடும்.

வாத்தியார் அன்றைக்கே துணை அறிக்கை எழுதினார். 'மறுபடி வாசித்ததில் கட்டுரை ஒரு மாணிக்கம் என்று தெரிகிறது. அடிக்குறிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி விருந்து. இவருக்குக் கற்பித்தவர் கொடுத்துவைத்தவர். இவர் இந்தத் தொழிலை ஒருநாளும் விடக்கூடாது.'

மறுநாள் ஆசிரியரே கூப்பிட்டார்.

"சார், உங்க ரெண்டு அறிக்கையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன். ஒரே பொருளைப் பத்தி, ஒரே நேரத்துல, ஒரே ஆள் ஆமாம்னும் இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னு உங்க கிரேக்கர்தானே சொன்னார்?"

"சொன்னார்."

"நீங்க சொல்லியிருக்கீங்க."

"நேரம் ஒண்ணு இல்லை சார். நடுவுல ஒரு சாப்பாடு இருக்கு."

ஆசிரியர் அதை ரசிக்கவில்லை. "கருத்து முரண்பட்டா இன்னொருத்தர்கிட்ட அனுப்பணும், அது எங்க விதி. உங்க ரெண்டு அறிக்கையையும் பேரில்லாம இணைச்சு அனுப்பிட்டேன். உங்களைப் பத்தித் துளி சந்தேகம் வராது. கவலைப்படாதீங்க."

"யாருக்கு சார் அனுப்பினீங்க?"

"அதைச் சொல்லக்கூடாது. ஆனா இந்த விஷயத்துல மிச்சம் ஒருத்தர்தானே இருக்கார். அவர் பக்கத்துல செடி கிடி எதுவும் இல்லைன்னு மட்டும் சொல்றேன்."

வாத்தியார் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் கட்டுரை தலைவருக்கே போகிறது. கூடவே தோரணமும் போகிறது, அதற்கு மேல் வைத்த ஐஸும் போகிறது.

"நேராப் போய்ச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னா ஆலோசனை. முடிஞ்சப்புறம் சொன்னா கேஸ்."

அவர் கேட்கவில்லை. தபாலிலேயே மடக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

துறையில் தபாலுக்குச் சிறுசிறு மரத்தட்டுகள் உண்டு. தலைவரின் தட்டு மேல் வரிசையில் இருக்கும். இரண்டு நாள் அதன் எதிரிலேயே அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல நின்றார்; காலாவதியான சுற்றறிக்கையெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. வியாழக்கிழமை காலை தடித்த பழுப்பு உறை வந்தது. சுற்றும் பார்த்தார். குதிகாலை உயர்த்தி உருவினார்.

"என் தபாலா?"

பின்னால் தலைவர் நின்றார். நெடிய மனிதர், நிதானமாகப் பேசுவார், வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்துப் படிப்பார்.

"ஆமாம் சார். கனமா இருந்துச்சு. கொண்டுவந்து கொடுக்கலாம்னு..."

"நல்ல மனசு," என்று தலைவர் உறையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தன் தலைக்கு வேண்டிய கல்லைத் தானே சுமந்துவந்து கொடுத்துவிட்டோம் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் அடிக்கோல் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா, இரண்டும் இல்லையா என்று தெரியவில்லை. இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று உண்டு என்று வருஷக்கணக்காக எழுதிவந்தவருக்கு, அது எதிரே வந்து நின்றபோது துளியும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, குழு கூடுவதற்கு முன், தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

மேஜை மேல் கட்டுரை. அதன்மேல் இரண்டு அறிக்கைகள்.

"உட்காருங்க. இதுல ஒருத்தர் இந்தக் கட்டுரையைக் கிழிச்சிருக்கார்."

வாத்தியாருக்கு இனிமேல் ஓட இடமில்லை. "அது நான்தான் சார்."

"தெரியும்."

"பாராட்டினதும் நான்தான்."

"அதுவும் தெரியும். நடை ஒண்ணுதானே. திட்டும்போது தமிழ் நல்லா வருது உங்களுக்கு." தலைவர் அடிக்கோலை இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவே வைத்தார். "இதுல எது உங்க கருத்து?"

மாணிக்கம் என்று ஒரு வார்த்தை போதும். வேலை, பள்ளிக்கூடம், ஆணி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. வாத்தியார் வாயைத் திறந்தார். மாணிக்கம் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு பயந்தாலும், கடற்போரைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"முதல் அறிக்கைதான் சார். பாஷையை வேணும்னா மன்னிச்சுக்குங்க. ஆனா கட்டுரை தப்பு. எழுதினது யாரா இருந்தாலும் தப்பு. ரெண்டாவது அறிக்கையை நான் பயந்து எழுதினேன்."

"யாருக்குப் பயந்து?"

"எழுதினவரோட மனசு நோகுமேன்னு."

தலைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை.

"எழுதினவரை எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல, ஒரு வேகத்துல எழுதினது. இப்ப அந்த ஆள் எவ்வளவோ மாறிட்டார்."

பெரிய மனிதர்கள் தங்களைப் பற்றி யாரோ மூன்றாம் ஆளைச் சொல்வது போலத்தான் பேசுவார்கள். வாத்தியார் மரியாதையோடு தலையாட்டினார்.

"மாறிட்டார் சார். கண்கூடாப் பார்க்கிறோமே."

"லிஃப்ட் உதாரணத்தை நானே இப்பல்லாம் வகுப்புல சொல்றதில்லை. தப்புன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. நானும் இந்தக் கட்டுரை வேண்டாம்னுதான் நேத்தே எழுதி அனுப்பிட்டேன்."

வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்தார். "நீங்களே வேண்டாம்னு எழுதிட்டீங்களா சார்?"

"பின்னே? தான் எழுதினதைத் தானே தப்புன்னு சொல்ற தைரியம் நம்ம தொழில்ல எத்தனை பேருக்கு இருக்கு, சொல்லுங்க."

"யாருக்கும் இல்லை சார்."

"இருக்கு. இந்த அறைக்குள்ளேயே இருக்கு."

கொஞ்சம் தற்பெருமைதான். ஆனாலும் இப்படிப்பட்ட மனிதருக்கு அது தகும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவரும் ஏனோ எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"உங்களைப் பத்திக் குழுவுல என்ன சொல்றதுன்னு ரெண்டு மனசா இருந்தேன். சரக்கு இருக்கு, நேர்மை இருக்கான்னு ஒரு யோசனை. இனிமே அது இல்லை. வீட்டுக்குச் சொல்லிடுங்க."

குழு கூடிக் கலைய ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. நிரந்தரம்.

வாத்தியார் தன் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். மனைவிக்குப் போன் செய்தார்.

"கிடைச்சிடுச்சு."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எப்படிங்க? அவர் கட்டுரையைப் போய் அப்படிக் கிழிச்சிருந்தீங்களே."

"மனுஷன் தெய்வம். தன்னோட கட்டுரையைத் தானே வேண்டாம்னு எழுதிட்டார். நானா இருந்தா செய்வேனா சொல்லு? வர்ற வழியில சுத்தியல் வாங்கிட்டு வரேன்."

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. பழக்கமில்லாத குரல்; தயங்கித் தயங்கிப் பேசியது.

"வணக்கம் சார், பத்திரிகையோட கட்டுரையாளர் பிரிவுலேருந்து பேசுறேன். பல வருஷம் முன்னாடி நீங்க எங்களுக்கு அனுப்பின கடற்போர்க் கட்டுரையை மதிப்பீட்டாளருங்க வேண்டாம்னுட்டாங்க. அதுல ஒருத்தர் கொஞ்சம் கடுமையாவே எழுதியிருக்கார், மனசுல வெச்சுக்காதீங்க."