மூன்றாவது மேட்டுக்கு அப்பால்

"இது அது இல்லை," என்றாள் புருல்சா, இலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் படுத்திருந்தாள். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர் அசனாலிக்குக் களைகளைப் பற்றித் தெரிந்தது, ஆடு தின்னுமா தின்னாதா என்பது மட்டும்தான்.

"பச்சையா இருக்கு, அகலமா இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"இது ஆத்தோரத்து இலை. வலிக்கு மேட்டுல முளைச்சதுதான் கேக்கும்."

மறுநாள் ஜீப்பில் போய்ப் பறித்து வந்தார். புருல்சா மூக்கைச் சுளித்தாள்.

"பெட்ரோல் வாடை பட்டா இலையில சத்து நிக்குமா?"

அடுத்த நாள் நடந்தே போனார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரன், "என்னண்ணே, ஜீப் ரிப்பேரா?" என்றான். "ஆமா," என்று சொல்லிவைத்தார்.

"வழியில யார்கூடவாவது பேசினீங்களா?" என்றாள் புருல்சா.

"ஒரே ஒரு வார்த்தை."

"போச்சு. வாயத் திறக்காம கொண்டாரணும்."

இலை பலிக்கவில்லை என்று காஞ்சொறிக்கு மாறினார்கள். அதை வெறுங்கையால் பறித்து, கை பணியாரம் போல வீங்கி வந்து நின்றார். புருல்சா பாலாடையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, "உங்கள யாரு கையால பறிக்கச் சொன்னா?" என்று திட்டிக்கொண்டே தடவினாள்.

பிறகு புகை போட அதிரஷ்மான் செடி. மூன்றாவது மேட்டுக்கு அப்பால் இருப்பதுதான் வேண்டுமாம், அதுவும் தினமும் புதிதாக.

ஒரு மாதம் ஓடியது. அசனாலிக்கு இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. மனைவிக்கோ கொஞ்சமும் குணம் தெரியவில்லை. இனி இவள் எழுந்து நடக்கவே மாட்டாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போனார்.

செவிலி ஜிபெக் அவரைப் பேசவே விடவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

"எனக்கு எதுக்கும்மா இது? வலி அவளுக்கு. நகர ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு."

ஜிபெக் அளவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பரவாயில்ல, ரத்த அழுத்தம் நல்லா இறங்கியிருக்கு. அவங்க கால்ல ஒண்ணுமில்ல மாமா. உங்கள தினம் நடக்க வைக்கணும்னு நான்தான் சொன்னேன். 'தனக்காகன்னா அவர் ஒரு அடி நடக்க மாட்டார், எனக்காகன்னா மலையேறுவார்'னுட்டுப் போய்ப் படுத்தாங்க."