சம்பந்தி வாய் திறக்காத விருந்து

மெர்வ்

நிஷாப்பூரில் இருக்கும் என் செல்லத் தம்பி நர்சேவுக்கு அக்கா தேனக் எழுதுவது. இங்கே மனுஷர், குதிரை, முலாம்பழக் கொடி எல்லாம் சுகம். உன் முழங்கால் எப்படி?

முதலில் பிள்ளைகள் பெருமை. பெரிய பேரன் யஸ்தீன் நம் நெருப்புக் கோயிலை விட்டு இஸ்லாமுக்கு மாறி, இப்போது ஹம்மாத். பேரைத்தான் மாற்றினான், மூக்கு நம் அப்பா மூக்குதான். வரி விஷயத்தில் அவனைக் கேட்காமல் ஆளுநர் தும்முவதுகூட இல்லை. சின்னவன் அரபுப் பிள்ளைகளுக்கே அரபு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். பேத்தி ரோஷ்னக் குதிரையேறப் போய் மாப்பிள்ளையே பிடித்துவிட்டாள்: அரபுத் தலைவர் அபூ மிஸ்வரின் மகன்!

அங்கேதான் வினை. அபூ மிஸ்வர் பெண் கேட்க விருந்துக்கு வருகிறார் என்றதும் ஹம்மாத், "பாட்டி, நம்ம வழக்கப்படி மந்திரத்த முணுமுணுத்துட்டு ஊமையா சாப்பிட்டா அவங்களுக்கு அவமானம். பேசிக்கிட்டே இருக்கணும்" என்றான். இந்த வயசில் வாயில் ரொட்டியோடு பேசப் பழகினேன், தம்பி! வந்த மனுஷரோ வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் மூக்கால் ஒரு "ம்ம்". குதிரையைப் பேசினேன், பல்வலியைப் பேசினேன், கறி தீருமுன்னே பேச்சு தீர்ந்துபோச்சு. ஹம்மாத் கண்ணாலேயே விரட்டுகிறான். பதற்றத்தில் கொட்டிட்டேன்: "நீங்க இந்த ஊரப் பிடிக்க வந்தப்ப எங்க வீட்டுக்காரர் உங்க படைய எதிர்த்துக் கோட்டை வாசல்ல மோதினாருன்னு ஊரே பாடுது. மோதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒட்டகத்தப் பாத்ததும் அவரே போய்க் கதவத் திறந்துவிட்டாரு. அதனாலதான் நெலம் எங்ககிட்டயே தங்குச்சு." அபூ மிஸ்வருக்குப் புரையேறி, முகம் சிவந்து, கை கழுவி, ஒரு வார்த்தை சொல்லாமல் போயே போய்விட்டார்.

கோழை வீட்டில் யார் பெண் எடுப்பான்? ரோஷ்னக் என் முகத்தில் விழிப்பதில்லை. மதம் மாறினான் என்று ஹம்மாத் மேல் உள்ள கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே வா. அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது, சொன்னதெல்லாம் பொய் என்று அவரிடம் சத்தியம் பண்ணு.

உன் வீட்டு நெருப்பு அணையாமல் இருக்கட்டும். வர முடியாவிட்டால் உன் முகத்தைப் புதுசாக வரையச் சொல்லி வணிகர் கையில் அனுப்பு. என்னிடம் உள்ள படத்தில் உனக்குத் தலைமுடி இருக்கிறது.

அக்கா தேனக்

பி.கு.: முத்திரை வைக்கப் போனேன், அபூ மிஸ்வரே வந்து நிற்கிறார். "மன்னிச்சுக்கங்கம்மா. சாப்பிடறப்ப பேசினா உங்க குலத்துல கேவலம்னு சொன்னாங்க, பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். கடைசில சிரிப்ப அடக்க முடியாம ஓடிட்டேன். அந்தப் படையில நானும் இருந்தேன். எங்ககிட்ட ஒரு ஏணிகூட இல்ல! திரும்பிப் போக மூட்டை கட்டிட்டிருந்தோம், கதவு திறந்துச்சு! எங்க ஆளுங்களும் மதிலேறிப் பிடிச்சோம்னுதான் பாடறாங்க." கல்யாணம் நிச்சயம். பொய்ச் சத்தியமெல்லாம் வேண்டாம். ரெண்டு பக்கத்துப் பாடகர்களும் கல்யாணத்தன்று அந்தச் சண்டையைப் பாடுவார்கள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும்.