வாக்கியத்தில் ஆள் நடமாட்டம்

உலகத்தில் எத்தனையோ அறிவியல்கள் உண்டு. அவற்றுள் யாருடைய மனத்தையும் புண்படுத்தாத ஒரே அறிவியல், பழைய புகைப்படங்களைப் பார்த்து ஜெர்மன் ராணுவத்தின் போர்க்காலத் தொழில்நுட்பச் சாதனங்களை இனங்காண்பதுதான். வானவியல் மதகுருமார்களைப் புண்படுத்தியது. மருத்துவம் நோயாளிகளைப் புண்படுத்துகிறது. ஜெர்மனியின் வெஸ்டர்மூர் நகர மாலைக் கல்லூரியின் பன்னிரண்டாம் அறையில், செவ்வாய்தோறும் ஆறரை மணிக்கு, யோகா வகுப்பார் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு நடக்கும் இந்த வகுப்போ முப்பத்தோரு ஆண்டுகளில் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு படங்களை இனங்கண்டிருக்கிறது. ஒரு குடும்பத்தின் முகம்கூடச் சுருங்கியதில்லை.

இந்த நற்பெயருக்குக் காரணம் ஆசிரியர் டெட்மர்ஸ். வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எங்கே போகிறது, யாரை ஏற்றிக்கொண்டு போகிறது என்று ஒருநாளும் கேட்காமல், பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்த உத்தமர்.

அவருடைய விதிகள் மூன்று. பொருளை அளக்க வேண்டும். படத்தில் மனிதர் இருந்தால், அவர் 'அளவுக்காக நிற்பவர்'. பீரங்கி எவ்வளவு உயரம் என்று பிற்காலத்தவர்க்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் அந்தக் காலத்தில் லட்சக்கணக்கானோர் ரஷ்யா வரை போய் நின்றிருக்கிறார்கள். மூன்றாவது விதிதான் தலையாயது: இனங்காண் அட்டையில் எழுதும் வாக்கியத்துக்குள் ஆள் நடமாட்டம் கூடாது. பாலம் தகர்க்கப்பட்டது. கிணறு மூடப்பட்டது. ஊர் காலி செய்யப்பட்டது. எல்லாமே 'பட்டது'. பட்டவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

டோம்கே ஹார்பெர்ட்ஸ் இந்த விதிகளைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருந்தாள். இருபத்து நான்கு வயது. பகலில் நில அளவை அலுவலகத்தில் உதவியாளர். எதை எழுதினாலும் பக்கத்தில் 'உறுதி: நூற்றுக்கு இத்தனை' என்று போட்டுவிடும் பழக்கம் அவளுக்கு. தன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும்தான் போட்டதில்லை.

"உனக்குச் சந்தேகமே வராத ஒரு விஷயம் இருக்குடி. நீ சந்தேகப்படறது," என்பார் பக்கத்து இருக்கை உல்ஃபர்ஸ் அம்மாள். மருந்துக்கடை நடத்தியவர். கோட்டுப் பொத்தானைப் பார்த்தே படைப்பிரிவைச் சொல்லிவிடுவார்.

இறுதித் தேர்வு, அவரவர் வீட்டுப் படம் ஒன்றுக்கு அட்டை எழுதுவது. டோம்கேயின் வீட்டுச் சமையலறையில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அவளுடைய கொள்ளுத்தாத்தா ரேன்ட் ஹார்பெர்ட்ஸ் தொப்பியோடு நிற்கிறார். பக்கத்தில் அவரை விடப் பெரிய இரும்புக் கொழு ஒன்று. படத்தின் பின்புறம் அவர் கையெழுத்தில் 'கலப்பை, மார்ச் 1944'. அவளுடைய அப்பா ஹாயோ, மாட்டுக்கொட்டகையை உழவுக் கருவிகளின் காட்சியகமாக மாற்றியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வாசலுக்கு மேலே அந்தப் படம் தொங்கும். கீழே, 'போரிலும் உழுதவர்'. வாசகம் ஏற்கெனவே பலகையில் எழுதியாகிவிட்டது. மகளின் அட்டை வந்தால் பக்கத்தில் ஒட்டவேண்டியதுதான் பாக்கி.

"ஊர்ல எல்லார் வீட்டுத் தாத்தாவும் சுட்டாங்க. எங்க தாத்தா உழுதார். அப்படியே எழுதும்மா," என்றார் ஹாயோ.

"எங்கேப்பா உழுதார்?"

"கிழக்க."

"கிழக்கன்னா?"

"கிழக்கன்னா கிழக்கதான். அங்க நிலத்துக்கா பஞ்சம்?"

டோம்கே முறைப்படி அளந்தாள். கொள்ளுத்தாத்தாவின் உயரம் பழைய ஓட்டுநர் உரிமத்தில் இருந்தது: 1.74 மீட்டர். அவரை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டால் கொழுவின் உயரம் 1.86. அவ்வளவு ஆழத்தில் விளையும் உருளைக்கிழங்கு எது என்று யோசித்தாள். தான் தப்பாக அளந்திருக்கலாம் என்று மறுபடி அளந்தாள். 1.86 வந்தது. 'உறுதி: 60' என்று எழுதிக்கொண்டாள்.

டெட்மர்ஸ் படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அது அவருடைய ஆனந்தக் கூத்து.

"அடடா. இது தண்டவாளக் கலப்பை. ரயிலோட கடைசிப் பெட்டியில மாட்டியிருக்கும். படை பின்வாங்கிப் போறப்போ இதை இறக்கி விட்டா, தண்டவாளத்துக்கு அடியில இருக்கிற கட்டைங்களை ரெண்டு ரெண்டா உடைச்சுக்கிட்டே வரும். பின்னாடி வர்றவனுக்குப் பாதையே இருக்காது. என்ன அருமையான சாதனம் பாருங்க."

"யார் இறக்குவாங்க?" என்று கேட்டாள் டோம்கே.

"இறக்கப்படும்."

"அதுவா இறங்குமா?"

"இறக்கப்படும்னு சொன்னேனே."

"இவர் நிக்கறாரே, பக்கத்துல."

"யாரு? ஓ, அவரா. அளவுக்கு," என்றார் டெட்மர்ஸ் அன்போடு. "நீங்க அவரை அளவா வெச்சுத்தானே கணக்குப் போட்டீங்க? பின்ன என்ன."

உல்ஃபர்ஸ் அம்மாள் படத்தை வாங்கிப் பொத்தானைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. படத்தின் அடிப்பக்கம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. தண்டவாளம் தெரியவில்லை. "தண்டவாளம் தெரிஞ்சா உறுதி நூறு. இல்லேன்னா எழுபதுதான் போடலாம்," என்றார் டெட்மர்ஸ். எழுபது போதும் என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். டோம்கேக்கு முப்பது குறைந்தால் தூக்கம் வராது.

சனிக்கிழமை பிற்பகல், அப்பா மேசையில் டீக் கோப்பைகளை வைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் சமையலறைச் சுவரில் காலியாகத் தொங்கிய சட்டத்தைக் கழற்றினாள்.

"அடிப்பக்கம் என்னப்பா ஆச்சு?"

"சட்டத்துக்குள்ள அடங்கலை. எங்கப்பா வெட்டிட்டார்."

"வெட்டினதை என்ன பண்ணினார்?"

"என்னைக் கேட்டா? நம்ம வீட்டுல எதைத்தான் தூக்கிப் போட்டிருக்கோம்."

அது உண்மை. சட்டத்தின் பின் அட்டையை நெம்பியதும், கண்ணாடி ஆடாமல் இருக்க மூலையில் செருகியிருந்த காகிதம் விழுந்தது. நான்காக மடித்த புகைப்படத் துண்டு. டோம்கே அதை நிமிர்த்தி, படத்தின் அடியில் பொருத்தினாள். கச்சிதமாகச் சேர்ந்தது. தண்டவாளம் இருந்தது. அதற்கு நடுவே கட்டைகள், ஒன்றுகூட விடாமல், இரண்டு இரண்டாக உடைந்து துண்டின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை வரிசையாகக் கிடந்தன. ஓரத்தில் மூட்டைமேல் ஒரு கிழவி உட்கார்ந்து ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அளவுக்காக யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

துண்டின் பின்புறம் அதே கையெழுத்து தொடர்ந்தது: 'நான்தான் இறக்கினேன். ஒரே நாளில் பதினான்கு கிலோமீட்டர். ரே. ஹா.'

ஹாயோ வாங்கிப் படித்தார். பிறகு கரண்டியை எடுத்து டீயைக் கலக்கினார். வெஸ்டர்மூரில் யாரும் டீயைக் கலக்குவதில்லை. பாலாடை தானாகப் பரவ வேண்டும். கற்கண்டு தானாகக் கரைய வேண்டும். அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அவர் எழுத்துதான்," என்றார். "பதினோரு வயசு வரைக்கும் என்னை மடியில உக்கார வெச்சு டிராக்டர் ஓட்டினவர்."

"தெரியும்பா."

"பெருமையா எழுதியிருக்கார் பாரு."

டோம்கே துண்டை வாங்கி மறுபடி படத்தோடு பொருத்தி வைத்தாள்.

"ஓடையில இருந்து ரோடு வரைக்கும் நம்ம நிலம் ரெண்டு கிலோமீட்டர் வராது," என்றார் ஹாயோ. பிறகு துண்டைக் காட்டி, "நாளைக்கு ஊரே வருது. இதைப் பழையபடி மடிச்சு வெச்சுடலாமா?"

"வெக்கலாம்பா. கண்ணாடி ஆடாம நிக்கும்."

ஹாயோ மகளைப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. அவளுக்குக் கேலி வரவும் வராது.

"இத்தனை வருஷமா இதுதான் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு," என்றார் அவர். கோப்பையைத் தள்ளி வைத்தார். "பெரிய சட்டமா ஒண்ணு வேணும். கடை அஞ்சு மணிக்கு மூடிடுவான். கிளம்பு."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலுக்கு மேலே முழுப் படம் தொங்கியது. 'போரிலும் உழுதவர்' பலகையைக் காணோம். அதன் இடத்தில் டோம்கேயின் அட்டை இருந்தது. வந்தவர்கள் படித்துவிட்டு, உள்ளே போய் மற்றக் கலப்பைகளை வெகுநேரம் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அட்டையின் பிரதியை டெட்மர்ஸ் வகுப்பில் வாசித்தார். "தண்டவாளக் கலப்பை. உயரம் 1.86 மீட்டர். மார்ச் 1944. இறக்கியவர்: ரேன்ட் ஹார்பெர்ட்ஸ். உடைத்த தூரம்: பதினான்கு கிலோமீட்டர். உறுதி: நூறு."

பிறகு மதிப்பெண்களைச் சொன்னார். அளவுக்கு முழு மதிப்பெண். காலக் கணிப்புக்கு முழு மதிப்பெண். மொழிக்கு முட்டை.

"வாக்கியத்துல ஆள் வந்துட்டாரேம்மா," என்றார் டெட்மர்ஸ், மெய்யான வருத்தத்தோடு. "ஆயிரத்து நூத்து நாப்பத்திரண்டு அட்டையில ஒருத்தர்கூட இந்தப் பிழையைச் செஞ்சதில்லை. நீங்கதான் முதல் ஆள்."

டோம்கே நோட்டைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். அந்தப் பெருமை அவளுக்கு உரியதல்ல. அந்த வாக்கியத்தில் ஆளை முதலில் சேர்த்தவர் ரேன்ட் ஹார்பெர்ட்ஸ். அவருக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. கத்தரிக்கோலை எடுத்து அதைத் திருத்தியவர்கள்தான் இலக்கணம் படித்தவர்கள்.