மல்லாந்த ஆமையும் மனசில் ஈரமுள்ள இருவரும்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. கோடையில் தண்ணீர் பற்றாமல் குடும்பத்தோடு வேறு காட்டுக்குக் குடிபோய்விட்டது. போகும்போது ஆட்சியை யாரிடம் ஒப்படைப்பது என்று அது யோசிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதனால் அந்தக் காட்டு மிருகங்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தன.

தலைவருக்கு அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. இருப்பது ஒரே வேலைதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. சித்திரை பிறந்தால் ஓடை வற்றிப்போய், ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். அதில் யார் முதலில் இறங்குவது, யாருக்கு எந்த நேரத்து டோக்கன் என்று முடிவு செய்வது தலைவர். போன தடவை காட்டுப்பன்றி தலைவராக இருந்தது. பெரிய உடம்புக்காரர்களுக்குக் காலை டோக்கன், சின்ன உடம்புக்காரர்களுக்கு மதிய டோக்கன் என்று அது சட்டம் போட்டது. மதியம் போனால் சேறுதான் கிடைக்கும். அந்தச் சேற்றைக் குடித்து முயல் வீட்டில் பச்சைக்குட்டிகள் செத்துப்போயின. ஆகவே இந்தத் தடவை காடே ஒரே குரலில் சொன்னது: "திறமையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மனசுல ஈரம் இருக்கிற ஆளா வேணும்."

மனசில் ஈரம் இருப்பதாக இரண்டு பேர் முன்வந்தார்கள்.

ஒருவர் நீர்நாய் இன்பசேகரன். வழவழவென்ற உடம்பு, எந்நேரமும் சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் தோளில் கை. தாயில்லாத வாத்துக்குஞ்சுகளை வயிற்றில் ஏற்றிக்கொண்டு அவர் நீந்துகிற வீடியோ எல்லோருடைய செல்போனிலும் இருந்தது. அது பொய் வீடியோ இல்லை. அந்தக் குஞ்சுகளை உண்மையிலேயே அவர்தான் வளர்த்தார்.

இன்னொருவர் கொக்கு தவமணி. வெள்ளை உடுப்பு, ஒற்றைக் கால், பாதி மூடிய கண். 'உங்கள் துயரை உற்றுப் பார்ப்பவர்' என்று அவருக்குப் போஸ்டர் அடித்திருந்தார்கள்.

மடுவின் ஓரம் தாழம்புதருக்கு அடியில் பூங்காவனம் என்று ஒரு ஆமை குடியிருந்தாள். ஊர் விவகாரம் எதிலும் தலையிடமாட்டாள். ஆனால் இன்பசேகரனின் பிரசார வண்டி அந்தப் பக்கம் வந்து, ஒலிபெருக்கியில் அவருடைய சிரிப்பு கேட்டால் போதும், அவள் கேட்காமலேயே அவளுடைய தலை ஓட்டுக்குள் போய்விடும். பக்கத்துப் புதர்க்காரர்கள் அதை வயசுக் கோளாறு என்று நினைத்தார்கள். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை தவமணி அவளைத் தேடி வந்தார். பழமோ பூவோ கொண்டுவரவில்லை. வந்து நின்று, கண்ணை மூடி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"பூங்காவனம் அம்மா, அந்தப் பாறை அன்னைக்கு என்ன சூடு!"

பூங்காவனத்தின் தலை பாதி ஓட்டுக்குள் போனது.

"எந்தப் பாறை?"

"மடுவுக்கு மேற்கால இருக்கிற வெள்ளைப் பாறை. இன்பசேகரனும் அவன் கூட்டாளிகளும் உங்களைத் தூக்கிட்டுப் போய் மல்லாக்கப் போட்டாங்களே. நீங்க சின்னப் பொண்ணு. நாலு காலையும் ஆட்டுனீங்க. பம்பரம் மாதிரி சுத்திவிட்டுக் கை தட்டினாங்க. அப்புறம் சலிச்சுப்போய்க் குளிக்கப் போயிட்டாங்க. உங்க வாயில நுரை தள்ளிச்சு."

அவள் யாரிடமும் சொல்லாமல் இத்தனை காலம் வயிற்று ஓட்டுக்குள்ளேயே வைத்திருந்த விஷயம். வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. நமக்காக வருத்தப்பட ஒரு ஜீவன் இருக்கிறதே என்று வந்த அழுகை.

"அப்படிப்பட்டவன் கையில மடு போகலாமா?" என்றார் தவமணி. "கடைசிப் பொதுக்கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். உங்களுக்காக இல்ல. முயல்குட்டிகளுக்காக."

"யோசிச்சுச் சொல்றேங்க."

"நிதானமா யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தவர், நேரே மைனாவின் கூட்டுக்குப் போய் விஷயத்தைக் கொடுத்துவிட்டார். மைனா செல்போனில் செய்தி சேனல் நடத்துகிறவள். வெயில் ஏறுவதற்குள் காடு முழுக்க ஒரே பேச்சு.

மைனாவின் விவாத நிகழ்ச்சியில் மிருகங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கத்தின. "சின்ன வயசுல பண்ணினதை இப்ப தோண்டலாமா?" என்றது காட்டுப்பன்றி. "நான்கூட அந்த வயசுல எறும்புப் புத்தை மிதிச்சு விளையாடியிருக்கேன். அதுக்காக நான் கெட்டவனா?"

"எறும்புகிட்ட கேட்டியா?" என்றது முள்ளம்பன்றி.

"அவருதான் வாத்துக்குஞ்சு வளர்க்கிறாரே, மாறியிருக்கமாட்டாரா?" என்றது மான்.

"மல்லாந்து கிடக்கிறவங்களைப் பாத்துச் சிரிச்ச ஆளு, அவரே டோக்கன் குடுக்கிற இடத்துக்கு வந்தா என்ன ஆகும்?" என்று முயல் கேட்டது.  உடனே விளம்பர இடைவேளை விட்டார்கள்.

சாயங்காலம் இன்பசேகரன் நேரிலேயே வந்துவிட்டார். பின்னாலேயே செல்போனோடு மைனா. இன்பசேகரன் புதர் வாசலில் மண்டியிட்டு, தரையில் நெற்றி படக் கும்பிட்டு, கண் கலங்கி, "அக்கா, இந்தத் தம்பியை மன்னிச்சிருங்க" என்றார். (தேர்தல் வந்துவிட்டால் வயதில் சின்னவர்களும் அவருக்கு அக்காதான்.) நன்றாகவே செய்தார். வெளிச்சம் போதவில்லை என்று மைனா சொன்னதால் மறுபடியும் செய்தார். அதற்குள் மைனாவின் செல்போனில் சார்ஜ் தீர்ந்து, அவள் பறந்து போனாள்.

ஆள் போனதும் இன்பசேகரன் களைத்துப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டதுபோல இருந்தது முகம்.

"அக்கா, உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. எனக்கு அது ஞாபகமே இல்ல."

"பாறை ஞாபகம் இல்லையா?"

"இல்லக்கா. அந்த வயசுல தினம் ஏதாவது ஒண்ணு பண்ணிட்டு இருந்தோம்."

"தினமுமா?" என்றாள் பூங்காவனம்.

அவர் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். பிறகு, "மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

"எதை மன்னிக்கச் சொல்றீங்கன்னு உங்களுக்குத் தெரியணுமே தம்பி. தெரிஞ்சா அப்பவே மன்னிச்சிருவேன். தெரியாதவங்களை நான் எப்படி மன்னிக்க?"

அவர் எழுந்து போனார். போகும்போது, கொண்டுவந்த இலந்தைப் பழத்தை வைத்துவிட்டுத்தான் போனார். நல்ல பழம். பூங்காவனம் அதில் ஒன்றைத் தின்றுகொண்டே யோசித்தாள். இந்த ஆள் கெட்டவரா? கெட்டவர் என்றால் கேட்டதும் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நல்லவரா? நல்லவர் என்றால் ஒரு நாளாவது அந்தப் பாறையைக் கடக்கும்போது நெஞ்சில் சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும், குத்தவில்லை.

இரண்டாவது பழத்தை எடுக்கும்போதுதான் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. செய்தவருக்கே ஞாபகம் இல்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் தவமணிக்கு எப்படித் தெரியும்? பழம் வாயிலேயே நின்றுவிட்டது.

பொதுக்கூட்டத்தன்று காடே திரண்டது. மேடையில் இந்தப் பக்கம் இன்பசேகரன், அந்தப் பக்கம் தவமணி. பூங்காவனம் மேடை ஏறி முடிப்பதற்குள் மூன்று பேர் வாழ்த்துரை வழங்கி முடித்துவிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்து, பாறையில் நடந்ததை உள்ளபடி சொன்னாள். கூட்டம் "ச்சொ ச்சொ" என்றது. இன்பசேகரன் தலையைத் தொங்கப்போட்டார். தவமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"தவமணி ஐயா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் பாத்தேன் அம்மா" என்றார் அவர். ஞாபகசக்தியில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. "எதிர்க்கரையிலதான் நின்னுட்டிருந்தேன். ஒண்ணு விடாம எனக்கு ஞாபகம் இருக்கு."

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"பொழுது சாயற வரைக்கும்."

"வந்து அலகால ஒரு தள்ளு தள்ளியிருக்கலாமே?"

தவமணிக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே விளங்கவில்லை. "அப்ப ஒரு கெளுத்தி மீன் மேல வந்துட்டிருந்துது அம்மா. நான் அசைஞ்சா அது ஓடிப்போயிருமே."

 மைனா செல்போனைத் தவமணிக்கு இன்னும் கிட்டே நீட்டினாள்.

"அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துது" என்றாள் பூங்காவனம். "ஒருத்தருக்கு ஞாபகம் இல்ல. இன்னொருத்தருக்கு வெட்கம் இல்ல. யாருக்குப் போடணும்னு நீங்க பாத்துக்கங்க." சொல்லி முடித்ததும் முதுகு ஓடே லேசாகிவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. கீழே இறங்கத் திரும்பினாள்.

"நில்லுங்க அத்தை!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து முயல் கத்தியது. "அப்படின்னா உங்களை நிமித்திவிட்டது யாரு?"

"யாரும் இல்லம்மா. வெள்ளையம்மா தண்ணி குடிக்க அந்த வழியா வந்தா. அவ கால் தட்டிச்சு, நான் நிமிர்ந்துட்டேன். அவ பாக்கக்கூட இல்ல."

காடே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தின் கடைசியில், கூட்டம் என்று தெரியாமலேயே வந்து நின்று, வரவேற்பு வளைவில் கட்டியிருந்த வாழை மரத்தைக் காட்டெருமை வெள்ளையம்மா தின்றுகொண்டிருந்தாள். மைனா பறந்துபோய் அவள் வாய்க்கு நேரே செல்போனை நீட்டினாள்.

"அம்மா, அன்னைக்கு நீங்க காப்பாத்துன ஆமையைப் பத்தி ஒரு வார்த்தை!"

"எந்த ஆமை?" என்றாள் வெள்ளையம்மா.

"பாத்தீங்களா!" என்று ஒரு குரங்கு கண்ணீர் மல்கக் கத்தியது. "செஞ்ச உதவியை ஞாபகம்கூட வச்சுக்கலை! என்ன தன்னடக்கம்!"

அவ்வளவுதான். "வெள்ளையம்மா வாழ்க!" என்று கோஷம் கிளம்பிவிட்டது. இன்பசேகரனுக்கு ஞாபகம் இல்லாதது குற்றம், வெள்ளையம்மாவுக்கு ஞாபகம் இல்லாதது குணம் என்று ஒரே மேடையில் முடிவானதைப் பூங்காவனம் கவனித்தாள். எடுத்துச் சொல்ல மறுபடி மைக்கைத் தேடினாள். அதற்குள் மைக் செட்டுக்காரக் கரடி ஒயரைச் சுருட்டிவிட்டது.

மற்ற இருவரும் விலகிக்கொள்ள, வெள்ளையம்மா போட்டியின்றித் தலைவரானாள். அது அவளுக்குச் சொல்லப்பட்டது. அவள் அசைபோட்டாள்.

சித்திரை பிறந்தது. டோக்கன் கட்டைக் கொண்டுபோய்த் தலைவர் முன் வைத்தார்கள். அவள் அதைத் தின்றுவிட்டாள். ஆகவே டோக்கன் முறை ஒழிந்தது. தினமும் விடிந்ததும் அவள் பாட்டுக்கு மடுவில் இறங்கிக் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஏறிப்போவாள். கரைச்சேற்றில் அவள் கால் பதிந்த இடமெல்லாம் குழி விழுந்து, ஊறிய தண்ணீர் தெளிந்து நிற்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சின்னக் கிணறு. முயல்கள் குடித்தன, அணில்கள் குடித்தன. பூங்காவனத்துக்கு உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஒரு குழி கிடைத்தது. அந்தக் கோடையில் தாகத்தால் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. 'கால்தடக் குடிநீர்த் திட்டம்' என்று மைனா அதற்குப் பேர் வைத்தாள்.

ஒரு தவளை மட்டும் காலுக்கு அடியில் போய்விட்டது. அதன் சம்சாரம் நியாயம் கேட்டு வந்தாள். "எந்தத் தவளை?" என்றார் தலைவர். குரங்குக்கு மறுபடியும் கண் கலங்கியது.

விலகிய இருவரில் தவமணி எதிர்க்கரையில் நின்று எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்பசேகரன் வெகுநாள் கண்ணில் படவில்லை. பிறகு ஒருநாள் காலை, பூங்காவனம் குளித்துக்கொண்டிருந்த குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். செல்போன் இல்லை, மைனா இல்லை, கையில் பழமும் இல்லை.

"வெள்ளைப் பாறைப் பக்கம் போனேன்க்கா" என்றார். "ஞாபகம் வந்துருச்சு. நீங்க 'அண்ணா, அண்ணா'ன்னு என்னைத்தான் கூப்பிட்டீங்க. நான் அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரிச்சேன்."

"ஆமா" என்றாள் பூங்காவனம்.

அவர் கண் கலங்கவில்லை. மூஞ்சி கறுத்துப்போய் இருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே இந்த ஞாபகம் வந்திருந்தால் என் ஓட்டு இவருக்குத்தானே போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் இறங்கி உட்கார்ந்தார்.

நீதி: மனசில் ஈரம் உள்ள தலைவரைத் தேடி அலையாதீர்கள். பெரிய காலும் குறைந்த கவனமும் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள், நல்லது தானாக நடக்கும். தவளைகளுக்கு இந்த நீதி பொருந்தாது.