சண்டை வராத சலவை அறை

நாலு மெஷின், முப்பது குடும்பம், ஞாயிற்றுக்கிழமை. சண்டை வராமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்?

வாராவாரம் மூன்றாவது மாடிவரை கேட்கிற அந்தச் சத்தத்தை நம்பித்தான், தையல்காரர் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளச் சலவை அறையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். மாலை வகுப்பில் சமூகவியல் அறிமுகம் படிக்கிறார். மனிதர்களை ஓரிடத்தில் கவனித்துச் சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். இதுவும் போனால் வகுப்புப் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள்.

தலைப்பு மட்டும் தயார்: 'மோதல் கோட்பாடும் சலவை மெஷினும்.'

முதலில் பஸ் டிரைவர் வந்தார். பின்னாலேயே கூடையோடு நர்ஸ். காலியாக இருந்ததோ ஒரே மெஷின். தையல்காரர் ஆவலாகப் பேனாவைத் திறந்தார்.

"நீங்க போடுங்க சிஸ்டர்."

"ஐயோ, நீங்கதானேண்ணே முதல்ல வந்தீங்க."

அதுவும் கிசுகிசுப்பாக! பேனாவை மூடிவிட்டு மாடிக்கு ஓடினார்.

"நோட்டோட உக்காந்தா எவன் சண்டை போடுவான்? அழுக்குத் துணியைக் குடு. நானும் கூட்டத்துல ஒருத்தனாயிடறேன். இதுக்குப் பங்கேற்றுக் கவனித்தல்னு பேரு."

"பேரு என்னவோ இருக்கட்டும்," என்றாள் மனைவி. "கீழ சத்தம் கித்தம் இல்லையே?"

"அதானே பிரச்சினையே!"

"அப்ப சரி," என்று கூடையை நீட்டினாள்.

கூடையைக் கண்டதும் மூன்று பேர் மெஷினை விட்டுக்கொடுத்தார்கள். துவைத்ததை நர்ஸே மடித்தும் வைத்துவிட்டார், பனியன் உட்பட.

சரி, எல்லாரிடமும் ஒரு கேள்விப் படிவம். 'இங்கே சண்டை வருவதுண்டா?' பதினொரு பேர், பதினொரு 'இல்லை'. ஒருவர் ஓரத்தில் 'வாழ்த்துகள்' என்று வேறு எழுதியிருந்தார்.

மணி நாலு. தையல்காரர் துணிந்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, டிரைவரின் யூனிஃபார்ம் சட்டைகளைச் சொட்டச் சொட்டத் தரையில் போட்டார்.

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. நர்ஸ் அவர் முழங்கையை அழுத்தினார்.

"அவசரம் போல. பரவால்ல சார்," என்றார் டிரைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க!"

"உங்களைப் போயா? இன்னைக்கா?"

ஐந்து மணிக்குத் தலைப்பை அடித்துவிட்டு, கண்டதைக் கண்டபடி எழுதினார்: 'இங்கே மோதல் இல்லை. எல்லாரும் சொல்லி வைத்தாற்போல விட்டுக்கொடுக்கிறார்கள். காரணம் எனக்குப் புரியவில்லை.' அனுப்பிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பேராசிரியரின் பதில் வந்தது: 'பாஸ். நினைத்ததை எழுதாமல் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள்.'

மிதந்துகொண்டே படியிறங்கினார். கீழே ஒரே ரகளை. டிரைவர் கத்தினார், நர்ஸ் அதைவிடக் கத்தினார், ஒரு வாளி உருண்டது.

"என்னம்மா இது? நேத்து அவ்வளவு ஒற்றுமையா இருந்தாங்களே?" என்று படி பெருக்கும் அம்மாவிடம் கேட்டார்.

"முந்தாநாள் உங்க சம்சாரம் வீடு வீடா வந்து கெஞ்சினாங்க சார், 'எங்க வீட்டுக்காரர் நாளைக்குக் கீழ உக்காந்து பரீட்சைக்குப் படிக்கப்போறாரு, யாரும் சத்தம் போட்டுடாதீங்க'ன்னு."