என் மகளுக்கு எதிராக நான் பேனாவால் எழுதிய விவகாரம்

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய லவோன் அக்காவுக்கு,

தம்பி டெல்மர் எழுதிக்கொள்வது. நானும் நடீனும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும், போன மாதம் மாற்றிய உன் புது முழங்காலும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். அயோவாவில் பனி இன்னும் உருகவில்லை. உன் பழைய வீட்டை வாங்கியவர்கள் தொழுவத்துக்கு ஊதா அடித்திருக்கிறார்கள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், உனக்கு ரத்தக்கொதிப்பு.

புதன்கிழமை சாயங்காலம் நீ போன் செய்து, "நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நான் நாலு தடவை திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால்தான் இந்த மோட்டல் அறையில், அவர்கள் கொடுத்த தாளில், அவர்கள் கொடுத்த பேனாவால் எழுதுகிறேன். கடிதத்தையும் நீ பாதியில் கிழித்துப் போடலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நீ எதையும் கிழிக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிப் பெண்களின் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குத் தேர்வான அணிகளை டிவியில் வாசித்தார்கள். ஊர் மொத்தமும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடியிருந்தது. ஹாம் பன் நூற்றிருபது, அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்குக் கலவை ஹாட்டிஷ் ஏழு தட்டு, அதில் நான்கு ஒரே ருசி. "வில்லோ ஃபோர்க் கல்லூரி" என்று திரையில் பெயர் வந்ததோ இல்லையோ, பாஸ்டர் நாற்காலி மேலே ஏறிவிட்டார். அந்தக் கல்லூரிப் பெண்கள் இந்தப் போட்டிக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. அந்த அணியை நடத்திப் போகிறவள், அறுநூறு பேர் இருக்கிற நம் ஊரில் பிறந்து, நம் வீட்டு முற்றத்தில் பந்து தட்டித் தட்டி ரேடியோவில் என் சோயாபீன் விலைச் செய்திகளைக் கேட்கவிடாமல் செய்த என் மகள் தலேயா. எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. வெளியே போய் வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன்.

எதிரணி யார் என்று தெரிந்ததும்தான் கூட்டம் கொஞ்சம் அமைதியானது. போட்டியின் தரவரிசையில் நம்மவர்கள் பதின்மூன்றாம் வரிசை, அவர்கள் நான்காம் வரிசை. பெரிய பல்கலைக்கழகம். ஆட்டமும் அவர்கள் வீட்டுக் களத்திலேயே. அவர்களுடைய கார் நிறுத்துமிடத்தில் நம் ஊரைக் கொண்டுபோய் வைத்தால், ஊரைச் சுற்றி இன்னும் இடம் இருக்கும்.

இனி அந்தத் தாள். இருபத்திரண்டு வருடமாக நம் தானியக் கூட்டுறவுக் கிடங்கின் காபி அறைச் சுவரில் பிராக்கெட் தாள் ஒட்டுவது உனக்குத் தெரியும். அறுபத்து நான்கு அணிகளில் யார் யாரை ஜெயிப்பார்கள், கடைசியில் யார் நிற்பார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பேனாவால்தான் எழுத வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது. புதன் மதியம் பன்னிரண்டுக்குக் கிடங்கு மேலாளர் டுவேன் ஒவ்வொரு தாளாக உரக்க வாசிப்பான். கடைசியில் வந்தவன் முதலில் வந்தவனுக்கு ஒரு வருடம் காபி ஊற்ற வேண்டும். இந்த வருடம் நாற்பத்தொரு தாள். நாற்பது தாளிலும் முதல் சுற்றில் ஜெயிப்பது வில்லோ ஃபோர்க். தீவனம் விற்க வருகிறவன் கூட, இது எந்த விளையாட்டு என்று கேட்டுவிட்டு, நம் பிள்ளையின் கல்லூரியைத்தான் எழுதியிருந்தான். நாற்பத்தோராவது தாளை எடுத்த டுவேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டான்.

"டெல்மர், இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"உன் பொண்ணு எந்தக் காலேஜுக்கு ஆடுறான்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பேனா வழுக்கிடுச்சா?"

"இல்ல."

காபி இயந்திரம்கூட நின்றுவிட்டது. அப்போதுதான், அக்கா, இத்தனை வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ரகசியத்தை நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் ராசி அப்படி. நான் எந்த அணியைத் தேர்ந்தெடுக்கிறேனோ அது மண்ணைக் கவ்வும். ஒரு வருடம் நான் சாம்பியன் என்று எழுதிய அணி, முதல் நாளே பதினான்காம் வரிசைக்காரர்களிடம் தோற்று, பயிற்சியாளரின் வேலையும் போயிற்று. இன்னொரு வருடம் அரையிறுதிக்கு வரும் என்று நான் எழுதிய நான்கு அணிகளும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குள் ஊர் போய்ச் சேர்ந்தன. அப்படிப்பட்ட கையால் சொந்த மகளின் அணியை எழுதலாமா? அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எதிரணியை எழுதினேன். என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, பிள்ளை ஜெயிக்கட்டும் என்று செய்த தியாகம் அது.

டுவேன் யோசித்தான். "இத்தன வருஷமா ஒரு வார்த்தை சொல்லலயேடா?"

"வெளிய சொன்னா பலிக்காது."

"இப்ப சொல்லிட்டியே?"

காபியைக் குடித்தேன். அதற்குள் யாரோ தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட, அது உனக்கு வந்து, நடீனுக்கு வந்து, கடைசியில் தலேயாவுக்கும் போய்விட்டது. அவளிடமிருந்து ஒரே வரி: "அப்பா, தாளப் பாத்தேன்." நான் ராசி விஷயத்தை முழுதாக விளக்கி, ஒற்றை விரலால் தட்டி, நாற்பது நிமிடம் செலவழித்து ஒரு பதில் அனுப்பினேன். அவள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று பாஸ்டரிடம்கூடக் கேட்டுவிட்டேன். சில விஷயங்கள் வேதத்தில் இல்லை என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மிசிசிப்பியைத் தாண்டும்போது பனிமழை பிடித்தது. இல்லினாயில் கண்ணாடி துடைப்பான் ஒன்று பறந்துபோய் எவனோ ஒருவனின் சோளக்காட்டில் விழுந்தது, அதுவும் என் பக்கத்துத் துடைப்பான். நான் நடீன் பக்கம் சாய்ந்துகொண்டு அவள் கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டினேன். அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தும் இருநூறு மைலுக்கு அவள் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினாள்.

"ஏங்க, இருபத்தாறு வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன். இப்படி ஒரு ராசி இருக்கிறது எனக்கே தெரியாமப் போச்சே?"

"உன்னைப் பயமுறுத்த வேணாம்னு..."

"சரி. இருக்குன்னா இருக்கட்டும். நாளைக்கு ஆட்டத்துல மட்டும் நம்ம புள்ளைங்களுக்குக் கைதட்டிப் பாருங்க, கையை ஒடிச்சிடுவேன்."

இப்படித்தான் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் என் மகளைத் தோற்கடிக்க வந்தவர்களுக்கு நான் கைதட்டும்படி ஆனது. அவர்கள் கூடை போட்டால் நடீன் முழங்கையால் இடிப்பாள், நான் தட்டுவேன். நம்மவர்கள் போட்டால் தொடைக்கு அடியில் கையை வைத்து உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து இருக்கைக்காரர் அந்த ஊர்ப் பல் வைத்தியராம். என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துத் தன் பாப்கார்னை நீட்டினார். "எந்த வருஷம் இங்க படிச்சீங்க?" என்றார். "ரொம்ப நாளாச்சு" என்றேன். இடைவேளையில் நாம் ஒன்பது புள்ளி பின்னால். அவர் என் முதுகில் தட்டி, "பாவம், அந்தச் சின்னக் காலேஜ் பசங்க நல்லாத்தான் முயற்சி பண்றாங்க" என்றார். பாப்கார்ன் டப்பாவை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன், அக்கா. வாழ்க்கையில் ஒரு மனிதனை அவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டே வெறுத்ததில்லை.

இரண்டாம் பாதியை உன் வீட்டு டிவியில் பார்த்திருப்பாய், இருந்தாலும் நான் சொல்லியே தீருவேன். ஒன்பது ஆறானது, ஆறு இரண்டானது. கடைசி ஐந்து வினாடி. நாம் அறுபது, அவர்கள் ஐம்பத்தொன்பது, பந்து அவர்கள் கையில். ஆறடி இரண்டங்குலப் பெண் ஒருத்தி கூடையை நோக்கிச் சரக்கு ரயில் மாதிரி வருகிறாள். வழியில் ஐந்தடி நான்கங்குலத்தில் தலேயா. விலகவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். மோதிய வேகத்தில் வழுக்கிக்கொண்டே போய் கேமராக்காரரின் காலடியில் நின்றாள். விசில். தவறு மோதினவள் மேல். பந்து நமக்கு. கூடை போட்டவர்களின் பெயர் செய்தித்தாளில் வரும், அக்கா. ஆனால் அந்த ஆட்டத்தை ஜெயித்தது விழுந்தவள். இது ஊரில் வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் உனக்குப் புரியும். பெண்கள் அணிக்கு ஆறு பேர், அதில் மூன்று பேர் காவல் மட்டுமே என்று இருந்த காலத்தில், நடுக்கோட்டைத் தாண்டாமல், ஒரு கூடைகூடப் போடாமல், மூன்று வருடம் காவல் ஆட்டக்காரியாகவே நின்றவள் நீ. அவளுக்கு அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வரவில்லை, உன்னிடமிருந்து வந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேள். ராசி, தியாகம், நடீனின் முழங்கை எல்லாம் மறந்துபோய் எழுந்து நின்று, "அவ என் பொண்ணு! அவ என் பொண்ணு!" என்று கத்தினேன். பாப்கார்ன் முழுவதும் பல் வைத்தியரின் தலையில். பந்தைப் பிடித்த தலேயாவை அவர்கள் உடனே தவறாகத் தள்ள, தடையில்லாமல் எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, முதலாவது வெளியே, இரண்டாவது உள்ளே. அவர்கள் நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு எங்கேயோ போனது. அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது. பல் வைத்தியர் காதிலிருந்து ஒரு பாப்கார்னை எடுத்துவிட்டு, "அப்ப இவ்வளவு நேரம் எங்களுக்குக் கைதட்டுனீங்களே?" என்றார். "அது பெரிய கதைங்க" என்றேன். அவர் நல்ல மனிதர். கைகுலுக்கிவிட்டு, "பயப்படவே இல்லயே அந்தப் பொண்ணு" என்றார். அப்போது நான் அழுதேன். அங்கே எண்ணெய் பார்க்க வண்டி இல்லை.

இன்று சனிக்கிழமை. காலையில் சர்ச் பஸ்ஸில் பதினெட்டுப் பேரோடு டுவேன் வந்து இறங்கினான். புதன்கிழமை என் முகத்தைப் பார்க்காத அதே ஆட்கள் இன்று என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள். நாளைய எதிரணிக்காரர்கள் போடுகிற பச்சைத் தொப்பி ஒன்றை வாங்கி வந்து என் தலையில் மாட்டிவிட்டான். "கழட்டினே, தொலஞ்சே. நம்ம ஊர் மானமே உன் தலயிலதான் இருக்கு" என்றான். நாளை அத்தனை வில்லோ ஃபோர்க் பெற்றோருக்கும் நடுவே நான் மட்டும் பச்சையாக உட்கார்ந்திருப்பேன். டிவியில் காட்டினால் என்னை அடையாளம் கண்டுகொள்ள உனக்குச் சிரமம் இருக்காது. கடிதம் கிடைக்கும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் இப்போது தெரியவில்லை. எப்படி ஆனாலும், தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு மகளை ஜெயிக்க வைத்த தகப்பனை நீ அப்படிக் கேட்டது நியாயமில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

நடீன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். மாடிப்படி ஏறாதே. கர்த்தர் உன் முழங்காலையும் கோபத்தையும் காப்பாராக, முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாக.

என்றும் உன் திட்டுக்கு அடங்கிய தம்பி,
டெல்மர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தலேயா கதவைத் தட்டினாள். நேற்று ஆட்டம் முடிந்து ஈரத் தலையோடு பஸ்ஸுக்குப் போனவளுக்கு என் கோட்டைப் போட்டுவிட்டிருந்தேன். அதைத் திருப்பித் தர வந்தாள். ஒரு கையில் கோட்டு, இன்னொரு கையில் அதன் பையிலிருந்த காகிதம். உறையை ஒட்டாமல் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா, மேலே எழுதியதில் ராசி என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடு. அப்படி ஒன்றும் கிடையாது. டுவேன் கண்ணாடியைத் துடைத்த அந்த அரை நிமிடத்தில் நான் கட்டிவிட்ட கதை அது. நான் எழுதுகிற அணிகள் தோற்பது உண்மைதான், ஆனால் சுவரில் இருக்கிற எல்லாருடைய அணியும்தான் தோற்கிறது. நம் பிள்ளைகள் தோற்பார்கள் என்று நினைத்துத்தான் நான் அப்படி எழுதினேன். நன்றாகத் தோற்பார்கள் என்று நினைத்தேன். தோற்றதும் தலேயாவின் கையில் கொடுக்க ஆறுதலாக ஒரு கடிதமும் எழுதிக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். கொடுக்க வேண்டிய அவசியம் வராததால் மறந்தே போனேன். நீ போனில் கேட்டது சரியான கேள்விதான்.

தலேயா படுக்கையில் உட்கார்ந்து வாசித்தாள். "‘இருபது புள்ளியில் தோற்றாலும் நீ என் மகள்.’ இருபதாப்பா?"

"முதல்ல முப்பதுன்னு எழுதியிருந்தேன்."

"தெரியுது. அடிச்சது தெரியுது." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அப்ப தோப்போம்னு நெனச்சுக்கிட்டேதான், தொடைப்பான் கூட இல்லாம, பனியில ஒம்பது மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"தோக்கும்போது நீ தனியா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேம்மா."

அவள் இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்துத் தன் பையின் உள் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்குத் தேவப்படலாம்."

"ஜெயிச்சுட்டா?"

"அப்பவும் வச்சிருப்பேன்பா. எப்பவாவது ஒருநாள் தோக்கத்தானே போறேன்."