தலைவர் படிக்காத நாவல்

இனிமேல் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை படித்தே தீருவது என்று இராஜபாளையம் எலியேசர் சபதம் எடுத்தார். எடுத்தது திங்கட்கிழமை காலை. செவ்வாய் சாயங்காலம் எடுத்த முதல் புத்தகத்தின் மேல் டிவி ரிமோட் உட்கார்ந்திருந்தது.

புத்தகம் தலையணை கனத்தில் ஒரு சரித்திர மர்ம நாவல். ஒரு பாளையக்கார ராஜா திடீரென்று செத்துப்போகிறார். கொன்றவர் யார் என்று தேடுகிறார்கள். எலியேசருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எழுதிய அனுக்ரஹா ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் வட்டத்துக்குக் கலந்துரையாட வருகிறார். நாவலை இரண்டு தடவை படித்தேன் என்று போனில் சொல்லி அவரை அழைத்தவர் வட்டத்தின் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, எலியேசரேதான்.

பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் அவர். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எழுத்து வரிசையாக வந்தால் மட்டும் மூன்றாம் பக்கத்திலேயே கண் சொருகிவிடும். இதுவரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, கடைசியில் அதையே கொஞ்சம் திருப்பிச் சொல்லி ஒப்பேற்றி வந்தார். இந்தத் தடவை வேங்கடேசன் வழியை அடைத்துவிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான அவருக்குத் தலைவர் மேல் வெகுநாள் சந்தேகம். முதலில் தலைவர் பேசட்டும், படிக்காதவர் பதவியில் இருக்கக் கூடாது என்பதுதானே நம் விதி என்று வாட்ஸ்அப்பில் சிரித்த முகத்தோடு போட்டிருந்தார்.

பதவி போய்விடும் என்றதும் எலியேசருக்கு ஒரு யோசனை உதித்தது. புத்தகத்தைத் துடைத்து, மனைவி அன்னத்தாயிடம் நீட்டினார். அவளுக்கு வாசிப்பு ருசி வரவேண்டும் என்றுதான் வாங்கினாராம்.

அன்னத்தாய் சோறு கொதிக்கும்போது படித்தாள், துணி காயும்போது படித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தே விட்டாள். அன்று எலியேசர் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்காத அதிசயம் இது.

“பொறவு, கத எப்பிடி?”

“நல்லாருக்கு.”

“யாரு கொன்னா?”

“நீங்க படிக்கலியா?”

“படிக்காம என்ன? நீ ஒழுங்காப் படிச்சியான்னு சோதிக்கேன்.”

அன்னத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நிதானமாக ஆரம்பித்தாள். ராஜா செண்பகத்தோப்புப் பக்கம் வேட்டைக்குப் போனாராம். பன்றி தொடையைக் கிழித்துவிட்டதாம். அரண்மனை வைத்தியர் விஷத்தில் ஊறவைத்த துணியால் காயத்தைச் சுற்றினாராம். மூன்றாவது தடவை கட்டுப் போட்டதும் ராஜா காலியாம்.

“துணியிலயா?” எலியேசர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார். நாவல் இவ்வளவு நல்ல விஷயத்தைப் பற்றியது என்று தெரிந்திருந்தால் அவரே படித்திருப்பார்.

ஞாயிறு வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. அன்னத்தாயும் மூன்றாம் வரிசையில் இருந்தாள். எலியேசர் எழுந்தார். கொலையாளி யார் என்று முதல் அத்தியாயத்திலேயே தமக்குப் பிடிபட்டுவிட்டது என்றார். பிறகு துணிக்குள் புகுந்தவர் வெளியே வரவில்லை. எந்த நெசவில் ஈரம் எவ்வளவு நிற்கும், காயக்கட்டு என்றால் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்று அடுக்கினார்.

“நெருக்கமா நெய்த துணியில விசம் அம்புட்டா எறங்காதும்மா. சல்லாத் துணிதான் சரி. அந்த வைத்தியரு வெவரமான ஆளு.”

வேங்கடேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், பண்டிகைக்குத் தயாராகிறவர் மாதிரி.

அனுக்ரஹா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், என் நாவல்ல வைத்தியரே கிடையாதே. ராஜாவைக் குளத்துல அமுக்கித்தானே கொல்றாங்க?”

எலியேசர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அன்னத்தாய் பதறாமல் எழுந்தாள்.

“அம்மா, மொதப் பக்கத்துல நீங்கதான் எழுதியிருக்கீக, படிக்காதவங்ககிட்ட கதையோட முடிச்ச அவுத்துறாதீங்கன்னு. ஒங்க பேச்ச நான் மீறலாமா? ஒண்ணுமே சொல்லாட்டி இவிய மனசு வாடிரும். அதான் இவிய தொழிலுக்குத் தோதா நானே ஒண்ணச் சொல்லிவச்சேன்.”

முதலில் கைதட்டியது அனுக்ரஹா. இப்படி ஒரு வாசகிக்காகத்தான் அந்த வரியை எழுதினேன் என்றார். அதற்குப் பிறகு கூட்டம் முழுக்கக் கேள்வி கேட்டவள் அன்னத்தாய்தான். எலியேசர் எழுத்தாளருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் அவரை ஆட்டோவில் கூட்டிப்போய் ரயில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து மனைவியோடு இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார். ஊர் மில் விளக்குகள் தெரிந்தன. அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“ஏட்டி, போனது போகட்டும். அந்த ராஜாவ யாருதான் கொன்னா?”

“படிக்காதவங்ககிட்டச் சொல்றதுக்கில்ல.”

“வட்டத்துத் தலைவரே கேக்கேன். சொல்லுட்டி.”

அன்னத்தாய் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

“நீங்க அந்தப் புள்ளைய ரயிலேத்தப் போயிருந்தப்ப அதையும் பேசி முடிச்சிட்டாக. தலைவரு இப்ப நாந்தான்.”